நாகசுரக் கலைஞர்கள் பற்றிய ஆய்வேடு: கல்லூரி நூலகத்தில் எங்கிருந்து தொடங்குவது?

நீடாமங்கலத்துக்காரன்

அனைவருக்கும் வணக்கம். முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். "தஞ்சை வட்டாரப் புனைகதைகளில் நாகசுர, தவில் கலைஞர்கள்" என்று ஆய்வேட்டுக்குத் தலைப்பு எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு ஒரு நிபந்தனையும் போட்டார்: "இணையத்தில் யாரோ எழுதியதை எடுத்து ஒட்டிக்கொண்டு வந்து நிற்காதே. நம் நூலகத்தில் இருப்பதை முதலில் பார்."

போனேன். பொறுப்பில் இருப்பவர் நல்ல மனிதர். ஆனால் நூலகவியல் படித்தவர் அல்லர், அலுவலகத்திலிருந்து மாற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். "நாதஸ்வரம் பற்றிப் புத்தகம் வேண்டும்" என்றேன். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். சிறுகதைத் தொகுப்புகள் நிறைய இருக்கின்றன. ஆனால் எந்தக் கதையில் நாயனக்காரர் வருகிறார் என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் புரட்டவா முடியும்? பின்கட்டில் ஓர் அறை இருக்கிறது. பழைய வார இதழ்களைப் பைண்டு செய்து இரும்பு அலமாரிகளில் பூட்டி வைத்திருக்கிறார்கள். "அதெல்லாம் குப்பை, ஒன்றும் கிடைக்காது" என்கிறார்.

உண்மையிலேயே குப்பைதானா? இல்லை, தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ போய்த்தான் ஆக வேண்டுமா? போவதற்குக் காசும் இல்லை, விடுப்பும் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நல்லது.

கூறைநாட்டு நூலகர்

தம்பி, குப்பை என்று சொன்ன அந்த அறைக்குள்தான் உன் ஆய்வேடு இருக்கிறது. நான் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். உன்னைப் போல் "நாதஸ்வரம் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டு வந்து, இல்லை என்றதும் திரும்பிப் போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்.

முதலில் அந்தக் கணினிப் பட்டியல். நம் ஊர்க் கல்லூரிகளில் புத்தக விவரங்களை உள்ளிட்டவர்கள் பெரும்பாலும் தற்காலிகப் பணியாளர்கள். கண்ணில் பட்டபடி உள்ளிட்டார்கள். நாதஸ்வரம், நாதசுரம், நாகஸ்வரம், நாகசுரம், நாயனம் என்று ஐந்து விதமாகவும் தேடு. பிறகு ஆங்கில எழுத்திலும் தேடு. தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் உள்ளிட்ட நூலகங்கள் உண்டு. தலைப்பில் எதுவும் சிக்காவிட்டால் இசை, மங்கல இசை, இசை வேளாளர், திருவாவடுதுறை என்று போ. பி.எம். சுந்தரம் அவர்களின் 'மங்கல இசை மன்னர்கள்' என்ற நூலை "நாதஸ்வரம்" என்று தட்டினால் எப்படிக் கிடைக்கும்? நாகசுர, தவில் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் திரட்டித் தந்த நூல் அது. அவர் உங்கள் ஊர்த் தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மகன். நீடாமங்கலத்துப் பிள்ளை அந்த நூலைத் தொடாமல் இந்தத் தலைப்பில் எழுதினால் ஊரே சிரிக்கும்.

அடுத்தது அலமாரி. உன் தலைப்பு ஓர் இடத்தில் இருக்காது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வைக்கும் ட்யூயி முறைப்படி அடுக்கிய நூலகமானால் துளைக்கருவிகள் 788இல் இருக்கும். இசைக்கலைஞர் வாழ்க்கை 780.92இல், சில நூலகங்களில் 927இல். தமிழ்ப் புனைகதை 894.8113. சாதி, சமூகம் என்றால் 305. தமிழக வரலாறு 954.82. கோயில் கட்டடம் 726. நாட்டார் வழக்காறு 398. ஒரு நாயனக்காரர் கோயிலில் வாசித்தார் என்ற ஒற்றைச் செய்தி இந்த ஏழெட்டு இடங்களில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் அந்த ஒரு புத்தகத்தை மட்டும் உருவிக்கொண்டு வராதே. இடமும் வலமும் ஒரு முழம் நீளத்துக்கு என்னென்ன இருக்கின்றன என்று முதுகைப் படி. உங்கள் நூலகம் பழையது, முதுகில் எண்ணுக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தில் தொடங்குகிறது என்றால் அது கோலன் பகுப்பு முறை. அதில் இலக்கியத்துக்கு ஓ, தமிழுக்கு 31.

அந்த முறையைக் கண்டவர் எஸ்.ஆர். ரங்கநாதன், நம் சீர்காழியில் 1892இல் பிறந்தவர். 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். "நூல்கள் பயன்படுத்துவதற்கே" என்பது முதல் விதி. அவர் பிறந்த மண்ணில், அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு "குப்பை" என்கிறார்கள். இருக்கட்டும்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அக்சஷன் ரிஜிஸ்டர் என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து வந்த ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிசை எண், வந்த தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, விலை, யாரிடமிருந்து வாங்கியது அல்லது யார் நன்கொடை தந்தது, கடைசிப் பத்தியில் குறிப்பு. கணினியில் ஏறாத நூல்களும் இதில் இருக்கும். தணிக்கைக்காரர் வரும்போது தவிர யாரும் அதைத் திறப்பதில்லை. கனமான தோல் முதுகு, சிவப்புக் கோடு போட்ட நீள் பக்கங்கள், ஆரம்பப் பக்கங்களில் தொட்டெழுதும் பேனாவின் மை பழுப்பேறி இருக்கும். நீ அதில் "நன்கொடை" என்று எழுதியிருக்கும் வரிகளை மட்டும் விரலால் ஓட்டிக்கொண்டே வா. நம் வட்டாரத்தில் ஒரு மிராசுதாரரோ வக்கீலோ காலமானால் வீட்டில் இருந்த புத்தகங்களைப் பிள்ளைகள் கல்லூரிக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அவர்களில் பாதிப்பேர் சங்கீதப் பைத்தியங்கள். கச்சேரி மலர், இசை மாநாட்டு மலர், கும்பாபிஷேக மலர் எல்லாம் அந்தக் கட்டுகளில்தான் வந்து சேர்ந்திருக்கும்.

மலர்களை அற்பமாக நினைக்காதே. ஒரு கோயிலின் குடமுழுக்கு மலரில் ஆன்மிகக் கட்டுரைகளைத் தள்ளிவிட்டுப் பின்பக்கம் போ. அந்தக் கோயிலில் தலைமுறை தலைமுறையாக மேளம் வாசித்த குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம், புகைப்படத்தோடு, பெரும்பாலும் இருக்கும். தீபாவளி மலர்களில் வித்வான்களின் பேட்டிகள் இருக்கும். எந்தப் பொருளடக்கத் திரட்டிலும் இவை ஏறியதில்லை. அதனால் நீதான் முதலில் எடுத்தவன் என்று நெறியாளரிடம் மார்தட்டிக்கொள்ளலாம்.

பைண்டு செய்த வார இதழ்கள் பற்றி. கொத்தமங்கலம் சுப்பு கலைமணி என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடரில் நாயகனே சிக்கல் ஷண்முகசுந்தரம். அதை விட்டுவிட்டு உன் ஆய்வு இல்லை. புத்தகமாக எங்கும் கிடைக்கும். ஆனால் இதழில் பார். வாரம் ஓர் அத்தியாயம் எங்கே நிறுத்தியிருக்கிறார், கோபுலு எதைப் படமாகத் தேர்ந்தெடுத்து வரைந்திருக்கிறார், நாயனத்தைப் பிடித்திருக்கும் கை எப்படி இருக்கிறது, வாசகர் கடிதம் வந்திருக்கிறதா — இவை புத்தகத்தில் கிடைக்காதவை. ஒரு தொல்லை உண்டு. பைண்டர்கள் கனம் குறைய வேண்டும் என்று அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிட்டுத் தைத்திருப்பார்கள். தேதி அட்டையில்தானே இருந்தது! அப்போது உள்பக்க மேல்விளிம்பையும் தொடரின் அத்தியாய எண்ணையும் வைத்து வாரத்தைக் கணக்கிட வேண்டும். சலிப்பான வேலை. செய்துதான் ஆக வேண்டும்.

கதைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாய். எல்லாவற்றையும் புரட்டாதே. கும்பகோணத்தைச் சுற்றி எழுதியவர்களில் இசை தெரிந்தவர்களை முதலில் எடு. தி. ஜானகிராமனிடமிருந்து தொடங்கு. 'செய்தி' என்ற கதையில் ஒரு நாகசுர வித்வான், வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு வாசிக்கிறார். அந்த ஒரு கதையிலேயே உனக்கு ஓர் இயல் எழுதுமளவுக்கு விஷயம் இருக்கிறது. பிறகு கு.ப.ரா., எம்.வி. வெங்கட்ராம், மௌனி. முழுத் தொகுப்புகளின் பின்னிணைப்பில் கதை முதலில் வந்த இதழும் ஆண்டும் இருக்கும். அதைக் கொண்டு பின்கட்டு அறைக்குப் போ.

போகும்போது கையை வீசிக்கொண்டு போகாதே. துறைத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொண்டுபோ. அதில் "பழைய இதழ்களைப் பார்க்க" என்று பொதுவாக எழுதாமல் இதழின் பெயர், ஆண்டு, மாதம் எழுது. பொறுப்பாளருக்கும் பயம் இருக்கும். ஒரு பக்கம் காணாமல் போனால் அவர் சம்பளத்தில்தான் கை வைப்பார்கள். குறிப்பிட்டுக் கேட்டால் கொடுப்பார். ஓதமும் இராமபாணப் பூச்சியும் தின்ற தாள் மடித்தால் முறியும். ஜெராக்ஸ் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்தாதே, முதுகு பிளந்துவிடும். கைப்பேசியில் படம் எடு. ஒவ்வொரு படத்திலும் ஒரு ஓரமாகத் துண்டுத் தாளில் சேர்க்கை எண்ணும் இதழ்த் தேதியும் எழுதி வைத்துச் சேர்த்து எடு. இரண்டு மாதம் கழித்து அடிக்குறிப்பு போடும்போது என்னை நினைத்துக்கொள்வாய்.

வல்லம் சாலை

அம்மா சொன்னதற்கு மேல் அதிகம் சொல்ல இல்லை. தஞ்சாவூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்; மின்வளங்கள் பற்றிக் கொஞ்சம்.

சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகள் முழுதாக இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பு ஆங்கில எழுத்திலும் இருக்கலாம் என்பதால் இரண்டு விதமாகவும் தேட வேண்டும். இயல் வாரியாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். நான் முதலில் திறப்பது கடைசிக் கோப்பைத்தான், துணைநூற்பட்டியல். உன் தலைப்புக்கு அருகில் வரும் இரண்டு மூன்று ஆய்வேடுகளின் பட்டியல்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் நூல்களைக் குறித்து, அவற்றை உன் கல்லூரி நூலகத்தில் தேடு. ஆய்வேட்டின் கருத்தை அப்படியே எடுத்துவிடாதே. மென்பொருள் காட்டிக் கொடுத்துவிடும்.

உங்கள் கல்லூரி, கல்லூரிகளுக்கு மின்னூல், மின்னிதழ் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் உறுப்பினரா என்று கேள். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள் பல உறுப்பினர்தான். மாணவர் பெயருக்கே கணக்கு திறந்து தருவார்கள், வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ்ப் பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்தான் கைகொடுக்கும். சென்னை மியூசிக் அகாடமியின் இதழ் 1930இலிருந்து வருகிறது. பழைய தொகுதிகளை அவர்கள் தளத்திலேயே படிக்கலாம். கட்டுரைகளை விட, மார்கழி மாநாட்டில் வித்வான்கள் விவாதித்ததைப் பதிவு செய்த பக்கங்கள் சுவையானவை.

உன் நூலகத்தின் குறிப்புதவிப் பகுதியில் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகள் இருக்கின்றனவா பார். இரண்டாம் தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். இராஜராஜன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடல்மகளிர், 400 பேரின் பெயரும், வந்த ஊரும், ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்குக்கு நூறு கலம் நெல்லும் என்ற கணக்கும் அதில் இருக்கின்றன. அவர்களுக்குப் பின்னால் நட்டுவம், வங்கியம் (குழல்), வீணை, பக்கவாத்தியம் என்று ஆண் கலைஞர்களின் பங்குகள். முன்னுரையில் "நாகசுரம் தொன்மையான கலை" என்று ஒப்புக்கு எழுதுவதைவிட, ஊதுகருவிக்காரருக்குக் கோயில் எத்தனை பங்கு தந்தது என்று எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். மராட்டியர் கால அரண்மனைக் கணக்குகளுக்கு, தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மோடி எழுத்து ஆவணங்களின் தமிழாக்கம் இருக்கிறது.

இன்னொன்று. கலைஞர் குடும்பங்களைப் பற்றி எழுதும்போது ஆண்களின் பெருமையோடு நின்றுவிடாதே. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' உன் வட்டாரத்து நாவல்தான். அதே இசை வேளாளர் சமூகத்தின் உள்ளிருந்து எழுந்த குரல். நாகசுரப் பெருமை பேசும் கதைகளுக்கு எதிரே அதை வைத்துப் படித்துப் பார்.

தொப்பியும் வலந்தலையும்

நான் படித்தவன் இல்லை. மூன்று தலைமுறைத் தவில் வீடு, நானும் வாசிக்கிறேன். என் மகள் இந்தப் பக்கத்தைக் காட்டினாள். சொல்வதை அவளே தட்டச்சு செய்து, திருத்தியும் கொடுத்தாள்.

கதை எழுதுகிறவர்கள் எங்களைப் பற்றி எழுதும்போது இரண்டு சாதி உண்டு தம்பி. வாசித்துக் கேட்டு எழுதியவர்கள், கல்யாணப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டு எழுதியவர்கள். பிரித்துப் பார்ப்பது சுலபம். தவிலில் வலப்பக்கத்து வலந்தலையைக் கூடு மாட்டிய விரலால் வாசிப்போம், இடப்பக்கத்துத் தொப்பியைக் கழியால். கதையில் இரண்டு கையிலும் குச்சி வைத்துக்கொண்டு யாராவது அடித்தால் அங்கேயே புத்தகத்தை மூடிவிடலாம். நாயனக்காரர் சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை, எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறாரா பார். வாயில் வைத்து ஊறவைப்பது, ஒன்று சரியில்லை என்று உருவிவிட்டுக் கொத்திலிருந்து இன்னொன்றை எடுப்பது, இதெல்லாம் மேடையில் நடந்துகொண்டே இருக்கும். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் இசை மல்லாரி. அதைக் கல்யாண வீட்டில் வாசிக்க வைத்த எழுத்தாளரும் உண்டு. பெயர் சொல்லமாட்டேன்.

புத்தகத்தில் ஒரு சந்தேகம் வந்தால் நரசிங்கம்பேட்டைக்குப் பஸ் ஏறு. ஆச்சா மரத்தில் நாயனம் கடைகிற ஊர். 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீட்டு உத்தரத்து மரத்தைத்தான் தேடி வாங்குவார்கள், புது மரம் வெடிக்கும். திருவாவடுதுறைப் பக்கம் சீவாளி செய்கிறார்கள். புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், கதையில் அந்த இடத்தைப் படித்துக் காட்டிவிட்டு "சரியா?" என்று கேள். கேட்டதை எழுதிக்கொள். அதற்கு உங்கள் படிப்பில் ஏதோ பெயர் இருக்குமே.

வல்லம் சாலை

கள ஆய்வு ஐயா. நீங்கள் சொன்ன சோதனையை என் ஆய்விலும் பயன்படுத்திக்கொள்ளலாமா?

தொப்பியும் வலந்தலையும்

தாராளமாக. ஆனால் கழி, கூடு என்று எழுதும்போது பக்கத்தை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

நீடாமங்கலத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் சொன்னபடி கடிதத்தில் இதழ், ஆண்டு, மாதம் எழுதிக் கொண்டுபோனேன். பொறுப்பாளர் அறையைத் திறந்துவிட்டார். பதிவேட்டையும் தந்தார், அவருக்கே அது சுவாரசியமாகிவிட்டது. தாத்தா பெயரில் நன்கொடை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். 'மங்கல இசை மன்னர்கள்' இருக்கிறது! வாழ்க்கை வரலாறு அலமாரியில் தலைவர்கள் வரலாற்றுக்கு நடுவே சொருகிக் கிடந்தது. கணினியில் "மங்களஇசை" என்று ஒரே சொல்லாக உள்ளிட்டிருக்கிறார்கள்.

விகடன் தொகுதிகளில் சில ஆண்டுகள் இல்லை. இருக்கும் தொகுதியில் அட்டை, விளம்பரம் எல்லாம் கிழித்துத்தான் தைத்திருக்கிறார்கள். கோபுலு படங்கள் தப்பின.

ஒரு சிக்கல். பதிவேட்டில் நன்கொடை வரிசையில் "நாகசுர தவில் இசை விழா மலர்" என்று ஒரு பதிவு. ஊர்ப் பெயர் மங்கிவிட்டது. அலமாரியில் தேடினோம், அந்த எண்ணில் எதுவும் இல்லை. தொலைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதா?

கூறைநாட்டு நூலகர்

அதற்குள் ஒப்பாரி வைக்காதே. அந்த வரியின் கடைசிப் பத்தியைப் பார், குறிப்பு என்ற இடம். "தள்ளுபடி" என்று எழுதித் தேதி இருந்தால் போய்விட்டது. அப்படியானால் அதே பெயரைக் கரந்தைத் தமிழ்ச் சங்கத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழக நூலகத்திலும் கேள். குறிப்பு காலியாக இருந்தால் புத்தகம் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது. மலர்கள் மெலிதாக இருக்கும், முதுகில் எண் ஒட்ட இடம் இருக்காது. அதனால் ஏழெட்டைச் சேர்த்து ஒரே அட்டையில் தைத்து "பல்சுவை" என்றோ "மலர்கள் தொகுதி" என்றோ முதுகில் எழுதிவிடுவார்கள். முதல் மலரின் எண்தான் வெளியே தெரியும். அந்தப் பதிவுக்கு முன்னும் பின்னும் அதே நன்கொடையாளர் கொடுத்த மலர்களின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் எது அலமாரியில் இருக்கிறதோ அதைப் பிரித்து உள்ளே பார்.

அதிலும் இல்லாவிட்டால் தமிழ்த் துறை அறையில் இருக்கும் பீரோவைத் திறக்கச் சொல். எந்தக் கல்லூரியிலும் பாதி மலர்கள் அங்கேதான் இருக்கும்.